தானாக ஆறும் புண்ணும் லாட்ஜ் வைத்தியரின் பெயரும்

டெல்டாவில் எந்தப் பேருந்து நிலையக் கட்டணக் கழிப்பறைக்குப் போனாலும் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கும். மேகவெட்டை, கிரந்தி, நரம்புத் தளர்ச்சி, சொப்பன ஸ்கலிதம், சிறுவயதுத் தவறுகள் என்று ஒரே மூச்சில் அடுக்கிவிட்டு, கீழே தேதிவாரியாக ஊர்களைப் போட்டிருப்பார்கள். இன்றைக்குத் தஞ்சாவூர், நாளைக்குக் கும்பகோணம், அப்புறம் மயிலாடுதுறை, திருவாரூர், நாகப்பட்டினம். ஊருக்கு ஒரு லாட்ஜ், ஓர் அறை எண். டியூஷன் முடிந்து டவுன் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பையனுக்குக் கிடைக்கும் பாலியல் கல்வி பெரும்பாலும் இதுதான். பள்ளியில் கிடைப்பதில்லை. பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியல் புத்தகத்தில் பால்வினை நோய்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. நான் படித்த காலத்தில் அந்த மாதிரிப் பக்கங்கள் வந்தால், "இதை நீங்களே படிச்சுக்குங்க" என்று சொல்லி வாத்தியார் அடுத்த பாடத்துக்குத் தாவிவிடுவார். இப்போது படிக்கும் பிள்ளைகளைக் கேட்டாலும் பெரிய மாற்றம் இருப்பதாகத் தெரியவில்லை.

அந்த நோட்டீஸ் சட்டப்படி குற்றம். 1954-இல் வந்த மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம், பால்வினை நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதைத் தடை செய்திருக்கிறது. எழுபது ஆண்டுகளாகத் தடை இருந்தும் நோட்டீஸ் ஒட்டுகிறவர் ஓயவில்லை, போய்ப் பார்க்கிறவர்களும் ஓயவில்லை. பயம், கூச்சம், அறியாமை எல்லாம் காரணம்தான். ஆனால் அவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. லாட்ஜ் வைத்தியரின் மருந்து வேலை செய்வது போலத் தெரிகிறது.

சிபிலிஸ் என்ற பால்வினை நோயை எடுத்துக்கொள்வோம். கிரந்தி என்றும் மேகப்புண் என்றும் ஊரில் சொல்லும் பெயர்களுக்குள் இதுவும் வரும். தொற்று ஏற்பட்டுச் சுமார் மூன்று வாரம் கழித்து, கிருமி நுழைந்த இடத்தில் ஒரு புண் வரும். சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகலாம். பெரும்பாலும் வலிக்காது. பிறப்புறுப்பில் வரலாம், வாயில் வரலாம், ஆசனவாயில் வரலாம். பெண்களுக்கு உள்ளே வந்தால் கண்ணுக்கே தெரியாது. பையன் பயந்துபோய் லாட்ஜுக்கு ஓடுகிறான். லேகியம் கொடுக்கிறார்கள், ஒரு மண்டலம் சாப்பிடச் சொல்கிறார்கள், கத்தரிக்காயும் கருவாடும் ஆகாது என்கிறார்கள். ஒரு மாதத்தில் புண் இருந்த இடம் தெரியவில்லை. கைராசிக்காரர் என்ற பெயர் பரவுகிறது.

எந்த மருந்தும் சாப்பிடாமல் சும்மா இருந்திருந்தாலும் அந்தப் புண் மூன்று முதல் ஆறு வாரத்தில் ஆறியிருக்கும். அந்த நோயின் நடை அப்படி. உடம்பின் எதிர்ப்புச் சக்தி மேலே இருந்த புண்ணை ஆற்றிவிடுகிறது, ஆனால் கிருமி அதற்குள் இரத்தத்தில் கலந்துவிட்டிருக்கும். அதன் பிறகு சில வாரங்களிலோ மாதங்களிலோ உடம்பில் தடிப்பு வரும். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூட வரும், பெரும்பாலும் அரிக்காது. அதுவும் தானாகப் போய்விடும். அப்புறம் ஆண்டுக்கணக்கில் அமைதி. சிகிச்சை இல்லாதவர்களில் ஒரு பகுதியினருக்குப் பல ஆண்டுகள் கழித்து மூளை, கண், இதயம் என்று தாக்கும். கர்ப்பிணிக்கு இருந்தால் வயிற்றில் இருக்கும் குழந்தைக்குப் போகும். இத்தனைக்கும் தொடக்க நிலையில் பென்சாதின் பென்சிலின் ஊசி 24 லட்சம் யூனிட் ஒரே தடவை போட்டால் போதும். பென்சிலின் இந்த நோயைக் குணமாக்கும் என்று 1943-லேயே காட்டிவிட்டார்கள்.

எனக்கு இதை யோசிக்கும்போதெல்லாம் அக்கி எழுதுவதுதான் நினைவுக்கு வரும். உடம்பின் ஒரு பக்கமாகக் கொப்புளம் வந்து எரிந்தால், ஊரில் குயவர் வீட்டுக்குப் போய்க் காவியால் எழுதிக்கொள்வார்கள். என் வீட்டிலும் செய்திருக்கிறோம். சில வாரங்களில் ஆறும். அக்கி என்பது சின்னம்மைக் கிருமி நரம்பில் பதுங்கியிருந்து திரும்ப வருவது; பெரும்பாலானவர்களுக்கு இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் அது தானாகவே ஆறும். எழுதியவர் மேல் தப்பில்லை, காசுக்கு ஏமாற்றியவரும் அல்ல. தானாக ஆறுகிற எதற்கும், ஆறும் சமயத்தில் பக்கத்தில் இருந்தவருக்குப் பெயர் போய்ச் சேரும், அவ்வளவுதான். இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. செல்போனில் அக்கி என்று தேடினால் ஹெர்பிஸ் என்ற சொல் வரும். உடனே ஹெர்பிஸ் பால்வினை நோயாயிற்றே என்று பதறுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அக்கி வேறு வைரஸ், பிறப்புறுப்பு ஹெர்பிஸ் வேறு வைரஸ். இரண்டும் ஒரே குடும்பம். அண்ணன் செய்ததற்குத் தம்பியைப் பிடிப்பது போன்றது இது.

அந்தப் பிறப்புறுப்பு ஹெர்பிஸும் இதே கண்ணாமூச்சிதான் ஆடும். கொப்புளம் வரும், புண்ணாகும், ஆறும், சில மாதம் கழித்துத் திரும்ப வரலாம். கிளமிடியா என்ற பால்வினைத் தொற்றோ கண்ணாமூச்சிகூட ஆடுவதில்லை. பெரும்பாலான பெண்களுக்கும் ஏறக்குறைய பாதி ஆண்களுக்கும் அதில் அறிகுறியே கிடையாது. கொனோரியா எனும் வெட்டை நோய் ஆண்களுக்குச் சீழும் எரிச்சலுமாகச் சட்டென்று தெரியும், பெண்களுக்குப் பல நேரம் தெரியாது. எச்.ஐ.வி. தொற்றிய சில வாரங்களில் சாதாரணக் காய்ச்சல் போல வந்து போகும். அதற்குப் பிறகு சிகிச்சை இல்லாமலேயே எட்டுப் பத்து ஆண்டுகள் ஆள் நன்றாக நடமாடலாம். "பார்க்க ஆள் சுத்தமா இருக்கான், நல்ல குடும்பத்துப் பொண்ணு" என்கிற கணக்கு எதுவும் இங்கே எடுபடாமல் போவதற்கு இதுதான் காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, குணமாக்கக்கூடிய நான்கு பால்வினைத் தொற்றுகள் மட்டும் உலகில் நாளொன்றுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் புதிதாக ஏற்படுகின்றன. அவற்றில் பெரும்பகுதி சத்தமில்லாதவை.

நம் ஊரில் இதற்கு மேல் 'சூடு' வேறு இருக்கிறது. சித்திரை வெயிலில் வயலிலிருந்து வந்தவருக்கு நீர்க்கடுப்பு என்றால் மோரும் இளநீரும் வெந்தயமும் கொடுப்பது சரிதான். தண்ணீர் போதாமல் வந்த எரிச்சல் அதில் அடங்கும். ஆனால் சீழ் வருவதையும் சூடு என்கிறோம், புண்ணையும் சூடு என்கிறோம், வெள்ளைப்படுவதையும் சூடு என்கிறோம். நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்த மூன்றாம் நாள் எரிச்சல் குறைந்தால் சூடு இறங்கிவிட்டது. கிருமி இறங்கவில்லை என்பது ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும். கிளமிடியாவும் கொனோரியாவும் பெண்ணின் கருக்குழாய்களைத் தழும்பேற்றி அடைத்துவிடக்கூடியவை. கல்யாணமாகி ஐந்து வருடம் குழந்தையில்லை என்று அவள் கருவுறுதல் மையத்துக்கும் கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை சந்நிதிக்கும் அலையும்போது, கணவனுக்கு எப்போதோ வந்துபோன 'சூடு' யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. எல்லாக் குழந்தையின்மைக்கும் இது காரணமில்லை. ஆனால் இதுவும் ஒரு காரணம், தடுத்திருக்கக்கூடிய காரணம்.

பெண் பிள்ளைகளிடம் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வெள்ளைப்படுவது நோயல்ல. வயதுக்கு வந்த பிறகு மாதவிடாய்ச் சுழற்சிக்கு ஏற்ப மாறி மாறி வருவது உடம்பின் இயல்பு. நிறம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால், நாற்றம் அடித்தால், அரிப்பு இருந்தால், அடிவயிறு வலித்தால் காட்ட வேண்டும். அப்போதும் அது பால்வினை நோயாகத்தான் இருக்கும் என்று இல்லை. தயிர்த்திப்பி போல வந்து கடுமையாக அரிப்பது பெரும்பாலும் கேண்டிடா என்ற பூஞ்சை. உடலுறவே இல்லாத பெண்ணுக்கும் வரும். இதை அம்மாவிடம் சொன்னால் என்ன நினைப்பாளோ என்று மாதக்கணக்கில் மறைத்துவைத்துச் சிரமப்படும் பிள்ளைகள் நிறையப் பேர்.

பையன்களுக்குத் தூக்கத்தில் விந்து வெளியேறுவதும் அப்படித்தான். அது நோயல்ல, பலவீனம் அல்ல, ஒரு சொட்டுக்கு இத்தனை சொட்டு இரத்தம் என்ற கணக்கெல்லாம் கட்டுக்கதை. லாட்ஜ் நோட்டீஸ் இந்த இயல்பான விஷயத்தையும் சிபிலிஸையும் ஒரே பட்டியலில் வைக்கிறது பாருங்கள், அங்கேதான் தந்திரம். ஒன்றுமில்லாதவனை நோயாளி ஆக்கலாம், நோயாளியிடம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம்.

இந்த நோய்களுக்கு நாம் வைத்த பெயர்களிலும் ஒரு வரலாறு ஒளிந்திருக்கிறது. சிபிலிஸுக்குத் தமிழில் பறங்கிப்புண் என்ற பெயரும் உண்டு. பறங்கி என்றால் போர்த்துகீசியர். 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோடு வந்து இறங்கினார். அடுத்த நூற்றாண்டில் நாகப்பட்டினம் அவர்களுடைய வாணிகத் தலமாகிவிட்டது. பதினாறாம் நூற்றாண்டு ஆயுர்வேத நூலான பாவப்பிரகாசமும் இந்த நோயைப் பிரங்க ரோகம் என்றே அழைக்கிறது. மருந்தாகக் கொடுத்த கிழங்குக்கும் பறங்கிப்பட்டை என்று பெயர். நாட்டு மருந்துக் கடையில் இன்றும் கிடைக்கும். சரி, பறங்கியர் நாட்டில் இதை என்னவென்று அழைத்தார்கள்? இத்தாலிக்காரர் பிரெஞ்சு நோய் என்றனர், பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றனர். எல்லாருக்கும் இது அடுத்த வீட்டுக்காரனுடைய நோய்.

அந்தப் பழக்கம் நம்மை விடவில்லை. லாரி ஓட்டுகிறவனுக்கு வரும், வெளியூர் போய்ச் சம்பாதிப்பவனுக்கு வரும், 'அந்த மாதிரி' பெண்களுக்கு வரும். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையில். மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் பாலியல் தொழிலாளர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது தெரியவந்தது. எங்கே சோதித்தார்களோ அங்கே கிடைத்தது. ஊரோ, அங்கே மட்டும்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டது. பிறகு 2000-களின் தொடக்கத்தில் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று சுவரெல்லாம் கேள்வி கேட்டது. இப்போது பதின்ம வயதில் பிள்ளை வைத்திருக்கும் அப்பாக்கள் எல்லாரும் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான். எய்ட்ஸ் என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்ல வைத்ததில் அந்த விளம்பரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் இரண்டு பக்க விளைவுகள் இருந்தன என்பது என் எண்ணம். ஒன்று, புள்ளிராஜா என்பது கேலிப் பெயராகி, நோயும் கேலிக்குரிய ஒருவனுடைய நோயானது. இன்னொன்று, பால்வினை நோய் என்றால் எய்ட்ஸ் மட்டும்தான் என்று பதிந்துபோனது. எய்ட்ஸ் இல்லை என்றதும் நிம்மதியாகி, கிளமிடியாவையும் சிபிலிஸையும் யோசிக்காமலே விட்டுவிட்டோம்.

கொசு கடித்தால் எச்.ஐ.வி. வருமா என்ற கேள்வியை நெல் வயலுக்கு நடுவில் வாழும் பிள்ளைகள் கேட்பதில் வியப்பில்லை. வராது. கொசு நமக்குள் செலுத்துவது தன் எச்சிலை. முன்பு உறிஞ்சிய இரத்தத்தை அல்ல. டெங்கு, மலேரியாக் கிருமிகள் கொசுவின் உடம்புக்குள் பெருகி எச்சில் சுரப்பிக்கு வந்து சேரும். எச்.ஐ.வி. கொசுவின் வயிற்றில் இரத்தத்தோடு சேர்ந்து செரித்துப் போகும். குளத்தில் எல்லாரோடும் குளித்தால், கழிப்பறையில் உட்கார்ந்தால், ஒரே தட்டில் சாப்பிட்டால் பால்வினை நோய் வராது. படர்தாமரையும் சிரங்கும் துண்டு மாற்றிக்கொள்வதால் வரலாம், அது தனிக் கதை. சலூன் பிளேடு விஷயத்தில் மட்டும் ஊரின் பயத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. எச்.ஐ.வி. உடம்புக்கு வெளியே நீடிக்காது. ஆனால் கல்லீரலைத் தாக்கும், உடலுறவு வழியாகவும் பரவும் ஹெப்படைட்டிஸ் பி வைரஸ் காய்ந்த இரத்தத்தில் ஏழு நாளாவது தாக்குப்பிடிக்கும். ஆளுக்குப் புது பிளேடு என்று கேட்பது கௌரவக் குறைச்சல் இல்லை.

நல்ல செய்தி, ஹெப்படைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது. தமிழ்நாட்டில் 2011 டிசம்பரில் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசி வந்தது. 6, 10, 14 வாரங்களில் போடப்படும் அதில் இதுவும் சேர்த்தி. எனவே அதற்குப் பின் பிறந்து ஒழுங்காக ஊசி போட்ட பிள்ளைகளுக்கு ஒரு பால்வினை நோய்க்கான தடுப்பூசி கைக்குழந்தையிலேயே முடிந்துவிட்டது. இது தெரிந்தால், உடலுறவு வழியாகப் பரவும் எச்.பி.வி. என்ற வைரஸுக்கான தடுப்பூசி என்றதும் "இந்த வயசுல எதுக்கு?" என்று முகம் சுளிக்கும் பெற்றோர் கொஞ்சம் நிதானிப்பார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோயில் சுமார் 70 விழுக்காட்டுக்கு எச்.பி.வி. வைரஸின் 16, 18 என்ற இரண்டு வகைகள்தான் காரணம். 2020-ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியாவில் இந்தப் புற்றுநோயால் இறந்த பெண்கள் 77,000 பேருக்கு மேல். வைரஸைச் சந்திக்கும் முன்பே போட்டால்தான் முழுப் பலன் என்பதால் 9 முதல் 14 வயதில் போடச் சொல்கிறார்கள். நாற்றங்காலில் பூச்சி விழுந்த பிறகு மருந்தடிப்பதற்கும் விதை நேர்த்தி செய்வதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஊசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது, அதன் வெளிக்கூடு போன்ற புரதம் மட்டும்தான். குழந்தைப் பேறு தடைபடும் என்பது வதந்தி. தமிழ்நாடு அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு இதைப் படிப்படியாகப் போட 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாக அறிவித்தது.

ஆணுறை பற்றியும் இரண்டு பக்கமும் மிகைப்படுத்தல் இருக்கிறது. எச்.ஐ.வி., கொனோரியா, கிளமிடியா ஆகியவற்றுக்கு அது நல்ல காப்பு. தோலோடு தோல் படுவதால் பரவும் ஹெர்பிஸ், எச்.பி.வி., சிபிலிஸ் ஆகியவற்றுக்கு அது மூடாத இடம் வழியாக வர வாய்ப்பு உண்டு, அங்கே காப்பு பாதிதான். இரண்டு போட்டால் இரட்டைப் பாதுகாப்பு என்பது தவறு. ஒன்றோடொன்று உரசிக் கிழியும். கருத்தடை மாத்திரை கருவைத் தடுக்கும், கிருமியைத் தடுக்காது. வாய்வழி உறவில் எதுவும் வராது என்பதும் பொய்.

சோதனை பற்றிய தவறான நம்பிக்கைதான் எனக்கு மிகவும் கவலை தருவது. நேற்று ஏதோ நடந்தது, இன்றைக்கு இரத்தம் கொடுத்தேன், ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது, தப்பித்தேன். மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்தால் கல்லணைக்கு வரவே மூன்று நாலு நாள் ஆகிறது. வேதாரண்யம் பக்கத்துக் கடைமடைக்காரர் மறுநாளே வாய்க்காலைப் போய்ப் பார்த்துவிட்டு அணை திறக்கவில்லை என்று சொல்வாரா? கிருமி உள்ளே வந்ததற்கும் சோதனையில் தெரிவதற்கும் இடையே ஒரு காலம் உண்டு. எச்.ஐ.வி. எதிர்ப்புப் புரதச் சோதனைக்கு மூன்று மாதம் வரை கணக்கு வைப்பார்கள், அதனால் ஒருமுறை பார்த்து இல்லை என்றாலும் திரும்ப வரச் சொல்வார்கள். ஆனால் காத்திருக்கக் கூடாத ஒன்றும் உண்டு. எச்.ஐ.வி. தொற்ற வாய்ப்புள்ள ஏதாவது நடந்திருந்தால், 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மாத்திரை தொடங்க வேண்டும். 28 நாள் சாப்பிட வேண்டும். சீக்கிரம் போகப் போக நல்லது. தொற்று உறுதியானாலும் கதை முடிந்துவிடுவதில்லை. 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து இலவசம். தினமும் சாப்பிட்டு இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவு வழியாக மற்றவருக்குப் பரவாது.

மெடிக்கலில் போய் "ரெண்டு மாத்திரை குடுங்கண்ணே" என்று வாங்கிப் போடுவது லாட்ஜ் லேகியத்தைவிட நவீனமாகத் தெரியலாம். அரைகுறையாகப் போட்ட ஆண்டிபயாட்டிக்கால் அறிகுறி மட்டும் அடங்கும், கிருமி மருந்துக்குப் பழகிக்கொள்ளும். கொனோரியா இப்படித்தான் ஒவ்வொரு மருந்தாகத் தோற்கடித்துக்கொண்டே வருகிறது. அரசு மருத்துவமனையில் இதற்கென்றே நிறம் வாரியாக ஏழு மருந்துப் பொட்டலங்கள் உண்டு. சாம்பல் நிறம் ஒரு வகைத் தொல்லைக்கு, பச்சை இன்னொன்றுக்கு, வெள்ளை மற்றொன்றுக்கு என்று பார்த்துக் கொடுப்பார்கள். துணைக்கும் சேர்த்துச் சிகிச்சை கொடுப்பார்கள். ஒருவர் மட்டும் சாப்பிட்டால் ஒரு மடையை அடைத்துவிட்டு இன்னொன்றைத் திறந்து விட்ட மாதிரிதான்.

பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இங்கே ஒரு உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும், மழுப்பிப் பயனில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-இன் போக்சோ சட்டப்படி அந்த வயதில் உடலுறவுக்குச் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. தெரியவந்தால் தகவல் சொல்ல வேண்டிய கடமை மருத்துவருக்கும் உண்டு. எச்.ஐ.வி. சோதனைக்குப் பெற்றோர் அல்லது காப்பாளர் ஒப்புதலும் கேட்பார்கள். இதற்குப் பயந்தே பலர் லாட்ஜ் பக்கம் போகிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் அதே சட்டத்தின் விதிகள், பாதிக்கப்பட்ட பிள்ளைக்கு அவசரச் சிகிச்சையும் பால்வினை நோய்த் தடுப்பு மருந்தும் கொடுத்தே ஆக வேண்டும் என்கின்றன. காகிதம் கேட்டுச் சிகிச்சையை நிறுத்தி வைக்கக் கூடாது. யாராவது கட்டாயப்படுத்தியோ ஏமாற்றியோ தொட்டிருந்தால் குற்றம் தொட்டவருடையது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணில் எந்த நேரமும் பேசலாம். எச்.ஐ.வி. பற்றிய சந்தேகத்துக்கு 1097. அதில் பெயர் சொல்ல வேண்டியதில்லை.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் பெரிய அரசு மருத்துவமனைகளிலும் 'நம்பிக்கை மையம்' என்று பலகை இருக்கும். எச்.ஐ.வி. சோதனையும் ஆலோசனையும் அங்கே இலவசம். 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி ஒப்புதல் இல்லாமல் சோதிக்கவும் முடிவை வெளியே சொல்லவும் அவர்களுக்கு அனுமதி இல்லை. ஓ.பி. சீட்டு எழுதும் இடத்தில் வரிசையில் நிற்கும் பத்துப் பேர் காதில் விழும்படி எதையும் சொல்லத் தேவையில்லை. "தோல் டாக்டரப் பாக்கணும்" என்றால் போதும், பால்வினை நோயையும் அந்தப் பக்கம்தான் பார்ப்பார்கள். பெண் பிள்ளைகள் மகளிர் பிரிவைக் கேட்கலாம். பக்கத்து ஊர்க்காரர் யாராவது பார்த்துவிட்டு என்ன விஷயம் என்று விசாரித்தால், படர்தாமரை என்று சொல்லிவிட்டு வந்துகொண்டே இருங்கள்.